அத்தியாயம் 7: சமதரையிலிருந்து மலைக்கு – புதுக்குடியிருப்பில் இருந்து நுவரெலியா வரை

புதுக்குடியிருப்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 340 கிலோமீற்றர். வடக்கு, வட மத்திய, மத்திய என்று மூன்று மாகாணங்கள். எல்ல வரை போனால் ஊவாவும் சேர்ந்து நான்கு. இந்தத் தூரத்தில் பெரும்பகுதி எங்களுக்குப் பழகிய சமதரைதான். கண்டியில் இருந்து நுவரெலியா வரையான கடைசி 75 கிலோமீற்றர் மட்டும் வேறு விதமான வீதி. பயணம் கெட்டுப்போவது அநேகமாக அந்தத் துண்டில்தான்.

ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: மலைத்துண்டுக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள், மற்றவற்றை அதற்கேற்ப அமையுங்கள். மலையேற்றம் பகல் வெளிச்சத்தில் நடக்கவேண்டும். சாரதி முதல் நாள் இரவு தூங்கி எழுந்தவராக இருக்கவேண்டும். பின்னேரம் 4 மணிக்கு முன் தங்குமிடத்தில் இறங்கிவிட வேண்டும். இந்த மூன்றும் பொருந்தாத திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

1. எந்த மாதம் போவது?

மலைநாட்டில் ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரே காலநிலை இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டும். அதே காலத்தில் பண்டாரவளை, எல்லப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. அதன்பின் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. வன்னியில் வெள்ளம் நிற்கும் அதே நாட்களில் மலையின் கிழக்குச் சரிவிலும் மண் ஊறிப்போய் இருக்கும்.

எங்களுக்குப் பொருத்தமான காலம் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும். காலபோக அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும், மலையிலும் மழை குறைவு. இரவுக் குளிர் மட்டும் கடுமையாக இருக்கும்.

தவிர்க்கவேண்டிய நாட்கள்:

- ஏப்ரல் புத்தாண்டை ஒட்டிய நாட்கள். நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். அறை வாடகை ஏறிவிடும், நகருக்குள் வாகனம் நகராது.
- கண்டிப் பெரஹரா நடக்கும் நாட்கள் (ஜூலை–ஓகஸ்ட்).
- போயாவும் சனி, ஞாயிறும் சேர்ந்து வரும் நீண்ட விடுமுறை.

2. எந்த வழி?

ஊரிலிருந்து ஏ9 வீதியைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு.

1. ஒட்டுசுட்டான் – மாங்குளம். நேரான வழி. பெரும்பாலானோருக்கு இதுவே போதும்.
2. ஒட்டுசுட்டான் – நெடுங்கேணி – புளியங்குளம். வவுனியாவுக்குக் கிட்டவாகக் கொண்டுபோய் விடும். வாகன நடமாட்டம் குறைவு என்பதால் இருட்டில் இதைத் தவிருங்கள்.
3. விசுவமடு – பரந்தன் – கிளிநொச்சி. சுற்று வழி. ஆனால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் பயணம் தொடங்கமாட்டோம் என்கிற வீடுகளுக்கு இதுதான். மாங்குளம் வழியாகப் போனால் முறிகண்டி வடக்கே தங்கிவிடும். கடைசி நேரத்தில் அம்மம்மா கேட்டு, மாங்குளத்தில் இருந்து திரும்பி ஓடுவதிலும் பார்க்க முதலே தீர்மானித்துவிடுவது நல்லது.

அதன்பின் வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவல, கெக்கிராவ, தம்புள்ளை, மாத்தளை, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கண்டி. கண்டியில் இருந்து பேராதனை போய் ஏ5 வீதியில் ஏறினால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை, நுவரெலியா.

கவனம்: கைபேசி வரைபடம் மலையில் குறுக்கு வீதி காட்டினால் அதை நம்பி இறங்காதீர்கள். அதற்குத் தூரம் தெரியும், சரிவு தெரியாது. நானுஓயாவுக்குப் பக்கத்திலுள்ள ரதெல்ல குறுக்கு வீதி அப்படி ஒரு செங்குத்து இறக்கம். 2023 ஜனவரி 20 அன்று பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று அங்கே வான் ஒன்றோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். பஸ் போகும் பெரிய வீதியிலேயே போங்கள். சந்தேகம் வந்தால் வாகனத்தை நிறுத்தி முச்சக்கரவண்டிக்காரரைக் கேளுங்கள். மாத்தளையிலும் கம்பளைக்கு மேலேயும் தமிழில் வழி கேட்கலாம்.

3. நேரக் கணக்கு: பின்னால் இருந்து முன்னுக்கு

சமதரையில் நாங்கள் கிலோமீற்றரைப் பார்த்து நேரம் சொல்வோம். மலையில் அந்தக் கணக்கு சரிவராது. கண்டியில் இருந்து நுவரெலியா 75 கிலோமீற்றர்தானே, ஒன்றரை மணித்தியாலம் என்று நினைப்பவர் றம்பொடையில் இருட்டில் நிற்பார். அந்தத் துண்டுக்கு மூன்று மணித்தியாலம் வையுங்கள். கணக்கை இப்படிப் போடுங்கள்:

1. தங்குமிடத்தை அடையவேண்டிய நேரத்தை எழுதுங்கள்: பின்னேரம் 3.30.
2. மலைத்துண்டுக்கு 3 மணித்தியாலம் கழியுங்கள். கண்டியில் இருந்து 12.30க்குப் புறப்படவேண்டும்.
3. சாப்பாட்டுக்கும் கண்டி நெரிசலுக்கும் ஒன்றரை மணித்தியாலம் கழியுங்கள். கண்டிக்கு 11 மணிக்கு வந்திருக்கவேண்டும்.
4. வவுனியாவில் இருந்து கண்டிக்கு, இடையில் தேநீர் நிறுத்தம் சேர்த்து, 5 மணித்தியாலம். வவுனியாவை 6 மணிக்குத் தாண்டவேண்டும்.
5. ஊரில் இருந்து வவுனியாவுக்கு 2 மணித்தியாலம். ஆகவே விடியப்புறம் 4 மணிக்கு வெளிக்கிட வேண்டும்.

4 மணிக்கு வெளிக்கிட சாரதி 3 மணிக்கு எழும்பவேண்டும். மலைத்துண்டுக்கு வரும்போது அவர் ஏற்கெனவே ஏழெட்டு மணித்தியாலம் ஓட்டி முடித்திருப்பார். ஆகவே ஒரே நாளில் போய்ச் சேர்வது முடியும், ஆனால் இறுக்கமானது. இரண்டாவது சாரதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒருவர்தான் ஓட்டுகிறார் என்றால் முதல் இரவைக் கண்டியிலோ மாத்தளையிலோ கழியுங்கள்.

வழமையான பிழை: "இரவு பத்துக்கு வெளிக்கிட்டால் விடிய நுவரெலியா. ஒரு நாள் அறைக்காசு மிச்சம்." எங்கள் பக்கத்தில் பலர் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். ஒட்டுசுட்டான்–மாங்குளம் காட்டில் இருட்டில் யானை கடக்கும், வீதியில் மாடு படுத்திருக்கும். அதற்குத் தப்பினாலும், நித்திரை மிகக் கூடுதலாக இழுக்கும் விடியப்புற நேரத்தில் சாரதி வளைவுகளுக்குள் நுழைவார். மிச்சம் பிடித்த அறைக்காசு இதற்கு ஈடாகாது.

4. வாகனமும் சாரதியும்

எட்டு முதல் பன்னிரண்டு பேருக்கு வான் போதும். அதற்குமேல் சிறிய பஸ். பஸ் பிடித்தால், மாகாணம் தாண்டும் விசேட பயணத்துக்கான அனுமதியை உரிமையாளர் எடுத்துவிட்டாரா என்று கேட்டு, கண்ணால் பாருங்கள்.

வாடகை பேசும்போது கேட்கவேண்டியவை:

1. கிலோமீற்றர் கணக்கா, நாள் கணக்கா? டீசல் யாருடையது?
2. சாரதியின் சாப்பாடும் இரவுத் தங்கலும் யார் பொறுப்பு?
3. சாரதி கடைசியாக நுவரெலியாவுக்கு எப்போது ஓட்டினார்? ஏ9இல் நூறு தரம் ஓடியவர் மலையில் ஒரு தரமும் ஓடாதவராக இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.
4. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றின் காலாவதி நாள் என்ன? மூன்றையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.
5. இடையில் பழுதானால் மாற்று வாகனம் தருவாரா?

பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். தெரிந்தவர் என்பதால் எழுதாமல் விடும் இடத்தில்தான் பிறகு மனக்கசப்பு வரும்.

வேகத்தைப் பற்றியும் முதலே கதையுங்கள். வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் சாரதிக்கு எரிச்சல்தான் வரும். முன் இருக்கையில் இருப்பவர் ஒருவர் மட்டும் சொல்லட்டும்: "அண்ணை, இறக்கத்திலை சின்னக் கியரிலையே வாங்கோ. பிந்தினாலும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை." இந்த ஒரு வசனம் சாரதியின் தலையிலிருந்து அவசரத்தை இறக்கிவிடும்.

குறிப்பு: தங்குமிடம் பதியும்போது "சாரதிக்கு அறை உண்டா?" என்று கேளுங்கள். வானுக்குள் சுருண்டு படுத்த மனிதன், அதுவும் நுவரெலியாக் குளிரில், மறுநாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரப்போகிறார். "வான் வாசல்வரை வருமா? ஏற்றம் எப்படி?" என்பதையும் கேளுங்கள். பல விடுதிகள் கரடுமுரடான செங்குத்துப் பாதையின் உச்சியில் இருக்கும்.

5. புறப்பட ஒரு கிழமைக்கு முன்: வாகனச் சோதனை

சோதனையை முதல்நாள் செய்யாதீர்கள். பழுது கண்டுபிடித்தால் திருத்த நாள் வேண்டும்.

1. பிறேக். நான்கு சில்லையும் கழற்றிப் பட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறேக் எண்ணெய் கறுத்திருந்தால் மாற்றுங்கள். பழைய எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது அது கொதித்துக் குமிழி கட்டும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.
2. கைப்பிறேக். எங்கள் ஊரில் இதைச் சோதிக்க ஏற்றம் கிடையாது. குளக்கட்டுக்கு ஏறும் பாதைக்குக் கொண்டுபோங்கள். ஆட்களை ஏற்றி, பாதி ஏற்றத்தில் நிறுத்தி, கைப்பிறேக்கை மட்டும் இழுத்துக் காலை எடுங்கள். வாகனம் ஒரு அங்குலம் பின்னால் வந்தாலும் கராஜுக்குத் திருப்புங்கள்.
3. ரயர். நான்கும், மேலதிக ரயரும். மேலதிக ரயரில் காற்று இருக்கிறதா, ஜக் வேலை செய்கிறதா, சில்லு நட்டுக்கு ஸ்பனர் பொருந்துகிறதா என்று ஒருமுறை கழற்றிப் பூட்டியே பாருங்கள்.
4. ரேடியேற்றர். குளிர்நீர் மட்டம், குழாய்கள், மின்விசிறிப் பட்டி. சமதரையில் தெரியாத ஒழுக்கு ஏற்றத்தில் தெரியும்.
5. வைப்பர், விளக்குகள், ஹோர்ன். மூன்றும் மலையில் அலங்காரம் இல்லை.
6. இரண்டு மரக்கட்டைகள். ஏற்றத்தில் நிறுத்தும்போது சில்லுக்கு அடியில் வைக்க. வீதியில் கல் தேடி வைப்பவர்கள் அதை எடுக்காமல் போய்விடுகிறார்கள்; பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர் அதில் விழுகிறார்.

6. ஐந்து நாள் திட்டம்

முதல் நாள்: ஊர் – கண்டி. விடிய 5.30க்கு, வெளிச்சம் வரும் நேரத்தில் வெளிக்கிட்டால் போதும். காலைச் சாப்பாடு வவுனியாவில். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அண்டிய பகுதியில் மரக்கறி லொறிகள் திரும்பும், அவதானமாக ஓட்டுங்கள். மாத்தளையில் வீதியோரமே ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில். இறங்கிக் கால் நீட்ட நல்ல இடம். அக்குறணை நகரம் பெருமழையில் வெள்ளம் ஏறும் இடம், மழை நாளில் முன்கூட்டியே விசாரியுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் கண்டி நகருக்குள் நுழையாதீர்கள்.

இரண்டாம் நாள்: கண்டி – நுவரெலியா. காலை 8.30க்குப் புறப்படுங்கள். புசல்லாவைக்குப் பிறகு வளைவுகள் இறுகும். றம்பொடையில் சுரங்கப்பாதைக்குள் நுழையுமுன் முகப்பு விளக்கைப் போடுங்கள். ஏறத்தாழ 109 மீற்றர் உயரமான றம்பொடை நீர்வீழ்ச்சியும், சின்மயா மிசனின் அனுமன் கோயிலும் இங்கே. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். லபுக்கலையில் தேயிலைத் தொழிற்சாலை பார்த்துத் தேநீர் குடித்துக்கொண்டு, பின்னேரப் பனிப்புகார் இறங்குமுன் நுவரெலியா.

மூன்றாம் நாள்: நுவரெலியா. வாகனத்துக்கும் சாரதிக்கும் ஓய்வு. கிரகறி வாவி, சீதாஎலியவிலுள்ள சீதை அம்மன் கோயில், 1861இல் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்கா எல்லாம் கிட்டிய தூரம். ஹோட்டன் சமவெளிக்குப் போக விரும்பினால் சாரதியின் ஓய்வு குறையும்; விடிந்த உடனேயே வெளிக்கிடுங்கள். பிந்தினால் அங்குள்ள 'உலக முடிவு' என்னும் மலைவிளிம்பில் முகில்தான் தெரியும். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடை. முழங்கால் வருத்தம் உள்ளவர்களை விடுதியில் விடுங்கள். பொலித்தீன் உறைகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள்.

நான்காம் நாள்: எல்ல போய்த் திரும்புதல். வெலிமடை, பண்டாரவளை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். காலை 7க்குப் போய், 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்து, 2 மணிக்கு முன் திரும்பத் தொடங்குங்கள். எல்லயில் இருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கவேண்டாம். 2025 செப்டெம்பர் 4 இரவு அந்த வீதியில் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள்.

ஐந்தாம் நாள்: வீடு. காலை 6க்குப் புறப்படுங்கள். முதல்முறை போகிறவர்கள் போன வழியாலேயே திரும்புங்கள். மகியங்கனை வழி அழகு என்று யாராவது சொல்வார்கள். அடுத்த முறைக்கு வையுங்கள்.

7. மலையில் ஓட்டும் முறை

இந்தப் பகுதியைச் சாரதியும் முன் இருக்கைக்காரரும் சேர்ந்து வாசிக்கவேண்டும்.

ஏற்றத்தில்

1. ஏற்றம் தொடங்குமுன் கியரைக் குறையுங்கள். எஞ்சின் திணறத் தொடங்கிய பிறகு மாற்றினால் வாகனம் பின்னுக்கு உருளப் பார்க்கும்.
2. வெப்ப முள்ளைப் பாருங்கள். ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்துங்கள். இன்னும் ஏறினால் சமனான இடத்தில் ஒதுக்குங்கள். சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.
3. வளைவுக்கு முன் ஹோர்ன் அடியுங்கள். வளைவில் முந்தவேண்டாம். முன்னே தேயிலைக் கொழுந்து லொறி ஊர்ந்தால் நீங்களும் ஊர்ந்து போங்கள்.

இறக்கத்தில்

1. ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர். தானியங்கிக் கியர் என்றால் 'டி'யில் விட்டுவிடாமல் ஓவர்டிறைவை நிறுத்தி 2க்கோ 'எல்'லுக்கோ இறக்குங்கள்.
2. பிறேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுங்கள். திரும்பவும் அப்படியே.
3. டீசல் மிச்சம் என்று நியூற்றலில் உருட்டுவது சமதரைப் பழக்கம். மலையில் அதைச் செய்யவே கூடாது.
4. ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கு வழி விடுங்கள்.
5. எரியும் நாற்றம் வந்தால் அது பிறேக். சமனான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, கட்டை வைத்து, அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சில்லில் தண்ணீர் ஊற்றவேண்டாம். சூடான உலோகம் வெடிக்கும் அல்லது வளையும்.

பிறேக் பிடிக்காவிட்டால்

மிதியைப் பல தடவை விரைவாக அடித்துப் பாருங்கள், சிறிது அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிறேக்கை ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள். ஹோர்னும் விளக்கும் போட்டபடி, பள்ளத்துப் பக்கத்தை விட்டு விலகி, மலைப்பக்க மண்மேட்டிலோ கானிலோ உரசவிட்டு நிறுத்துங்கள். வாகனம் நசுங்கினால் திருத்தலாம்.

பனிப்புகாரில்

தூர விளக்கைப் போட்டால் புகாரில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும். கிட்ட விளக்கு மட்டும். இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். முன்வாகனத்தின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டாம். அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள்.

2025 மே 11 அன்று விடியப்புறம் கொத்மலை, கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நீங்கள் போகும் இதே ஏ5 வீதியில்தான். சனம் நிரம்பிய இரவுப் பயணம் அது. நேரத்தை நீங்கள் தெரிவுசெய்யக்கூடிய பயணத்தில் அந்த ஆபத்தை விலைக்கு வாங்காதீர்கள்.

8. ஆட்களைப் பார்த்துக்கொள்வது

சத்தி. கம்பளைக்கு மேலே வளைவு தொடங்கினால் பிள்ளைகளில் பாதிப்பேர் சத்தி எடுப்பார்கள். காலையில் எண்ணெய்ச் சாப்பாடும் பால்தேநீரும் வேண்டாம். பாண், இடியப்பம், வாழைப்பழம் போதும். சத்தி எடுப்பவர்களை முன்பக்கம் இருத்தி, யன்னலைத் திறந்து, தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியைக் கொடுக்காதீர்கள். மாத்திரை கொடுப்பதானால் மருந்தகத்தில் வயதைச் சொல்லிக் கேட்டு, புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன் கொடுங்கள். சாரதிக்குக் கொடுக்கவேண்டாம், நித்திரை வரும்.

குளிர். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. எங்கள் வீட்டுப் போர்வை அங்கே செல்லாது. ஆளுக்கு ஒரு சுவெற்றர், காலுறை, காது மூடும் தொப்பி. இவற்றைப் பொதியின் அடியில் வைக்காமல் கையெட்டும் இடத்தில் வையுங்கள், றம்பொடையிலேயே தேவைப்படும்.

மருந்து. இழுப்பு, அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் ஐந்து நாளுக்கு ஏழு நாள் மருந்து எடுக்கட்டும். இழுப்பு உள்ளவர்களுக்குக் குளிர் உடனே பிடிக்கும். பம்பைப் பையில் அல்ல, சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர். கடலிலும் களப்பிலும் நீந்தி வளர்ந்த பெடியங்களுக்கு நீர்வீழ்ச்சி சின்ன விடயமாகத் தெரியும். அங்கே ஆபத்து ஆழம் மட்டுமல்ல. வழுக்கும் பாறையும், மேலே பெய்த மழை திடீரென்று கொண்டுவரும் வெள்ளமும்தான். தண்ணீர் கலங்கினாலே எல்லோரும் வெளியே வரவேண்டும். குளிக்கவேண்டாம் என்று பலகை இருந்தால் கதைக்கு இடமில்லை.

9. மழை வந்தால்: எப்போது திரும்புவது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டு வீதிகள் பல மண்சரிவில் மூடுண்டன, மலையகப் புகையிரதப் பாதையும் உடைந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு தோட்டக் குடியிருப்பே புதையுண்டது. ஆகவே மழைக்காலத்தில் அறைக்கு முற்பணம் கட்டிவிட்டோம் என்பது தொடர்ந்து போவதற்குக் காரணமாகாது.

1. புறப்பட இரண்டு நாளுக்கு முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலைப் பாருங்கள்.
2. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். உங்கள் வழியில் செம்மஞ்சள் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வழியில் இருக்கும்போது வந்தால் கண்டியிலேயே தங்குங்கள்.
3. தங்குமிடத்துக்கு அழைத்து வீதி திறந்திருக்கிறதா என்று அன்று காலை கேளுங்கள்.
4. வழியில் இவற்றைக் கண்டால் முன்னே போகாதீர்கள்: வீதியில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரமோ மின்கம்பமோ, சரிவில் இருந்து சேற்றுநீர் ஊறுதல், சிறு கற்கள் உருண்டு வருதல்.
5. மண்மேட்டுக்கு அடியில் வாகனத்தை நிறுத்தி மழை விடும்வரை காத்திருக்கவேண்டாம். அகலமான, இருபுறமும் திறந்த இடத்துக்குப் போங்கள்.

எழுதி முன்கண்ணாடியில் ஒட்டவேண்டிய இலக்கங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

10. செலவுக் கணக்கு

விலைகள் மாறும், முறை மாறாது.

1. மொத்தத் தூரம்: போய்வர 680, எல்லக்கு 120, உள்ளூர் ஓட்டம் 50. ஆக 850 கிலோமீற்றர்.
2. வான் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 85 லீற்றர். மலையில் கூடுதலாகக் குடிக்கும், 15 லீற்றர் சேர்த்து 100 என்று வையுங்கள். அன்றைய டீசல் விலையால் பெருக்குங்கள்.
3. வாகன வாடகை, நான்கு இரவு அறை, சாப்பாடு, நுழைவுச்சீட்டு, சாரதியின் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள்.
4. வரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று மேலே வையுங்கள். இது காசாகக் கையில் இருக்கட்டும்.
5. ஆள்கணக்கில் பிரித்து, புறப்பட ஒரு கிழமைக்கு முன் சேருங்கள். காசை ஒருவர் வைத்திருக்க, இன்னொருவர் கொப்பியில் எழுதட்டும்.

குறிப்பு: முதல் நாள் காலை வவுனியாவிலும், இரண்டாம் நாள் கண்டியைத் தாண்டுமுன்னும் ராங்கியை நிரப்புங்கள்.

11. முதல்நாள் இரவுப் பட்டியல்

- எல்லோருடைய தேசிய அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பத்திரங்கள்
- தங்குமிட முகவரியும் இலக்கமும் தாளில். கைபேசி வரைபடம் இணையம் இல்லாமலும் திறக்கும்படி தரவிறக்கியது
- ரோச் லைற், மரக்கட்டை இரண்டு, இழுவைக் கயிறு, முக்கோண எச்சரிக்கைப் பலகை
- ரேடியேற்றருக்கு 5 லீற்றர் தண்ணீர், குடிக்க வேறாக
- முதலுதவிப் பெட்டி, சத்திப் பைகள், பழைய துவாய்
- குளிர் உடுப்பு, குடை, வழுக்காத சப்பாத்து
- வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் நாள்வாரித் திட்டத்தின் பிரதி

12. திரும்பி வரும் நாள்

மலையை விட்டு இறங்கியதும் எல்லோருக்கும் ஆபத்து முடிந்தது போல் இருக்கும். தம்புள்ளைக்குப் பிறகு வீதி நேராகும், வயிறு நிறைந்திருக்கும், பின்னால் எல்லோரும் நித்திரை. சாரதிக்கும் கண் சொக்கும். முன் இருக்கைக்காரர் அவருடன் கதைத்துக்கொண்டு வரவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி முகம் கழுவச் சொல்லுங்கள். வவுனியாவைத் தாண்டும்போது இருட்டிவிட்டதென்றால் மாங்குளம்வரை ஏ9இலேயே வந்து திரும்புங்கள், நெடுங்கேணிக் காட்டுப்பாதை வேண்டாம். களைத்துவிட்டார் என்று தெரிந்தால் வவுனியாவில் அறை எடுங்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கியது இதற்கும் சேர்த்துத்தான்.

ஊருக்கு வந்த மறுநாள் பிறேக்கைத் திரும்பவும் பார்க்கச் செய்யுங்கள். மலை இறங்கிய பட்டைகள் எவ்வளவு தேய்ந்தன என்பது வெளியே தெரியாது. வாடகை வாகனம் என்றால் உரிமையாளரிடம் இதைச் சொல்லிவிட்டே சாவியைக் கொடுங்கள். செலவுக் கொப்பியில் உண்மையில் எடுத்த நேரங்களையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் போகப்போகும் அயல்வீட்டாருக்கு இந்த அத்தியாயத்திலும் பார்க்க அந்தக் கொப்பி உதவும்.